ஓய்வு பெற்ற மோப்ப நாய்க்கு வைத்தியம்: எல்லையோர ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்துத் தமிழ் ஊர்களில் கால்நடை மருத்துவம் பார்ப்பவனிடம் வரும் கேள்விகளில் முக்கால்வாசி பசுமாட்டைப் பற்றியவை. சில ஆண்டுகளாக அவற்றுக்கு நடுவே இன்னொரு வகைக் கேள்வியும் வருகிறது. காவல்துறையிலோ ராணுவத்திலோ வேலை முடித்து வீட்டுக்கு வந்த நாயை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்கிறார்கள். சிலர் அந்த நாயோடு வேலை பார்த்த காவலர்கள். மற்றவர்கள் நாயின் புகைப்படத்தைப் பார்த்து மனம் இளகித் தத்தெடுத்தவர்கள். இருவருக்கும் பொதுவான கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவுகளை வேண்டுமென்றே எழுதவில்லை. அதை நாயைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் எழுத வேண்டும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாய் எங்கே போகிறது?

மாநிலத்துக்கு மாநிலம், படைக்குப் படை வேறுபடும். பொதுவாக எட்டிலிருந்து பத்து வயதுக்குள் வேலையிலிருந்து விடுவிக்கிறார்கள். கேரளக் காவல்துறை 2019இல் திருச்சூர் ராமவர்மபுரம் காவல் பயிற்சிக் கழக வளாகத்தில் ‘விஸ்ராந்தி’ என்ற ஓய்வில்லத்தைத் திறந்தது. நாய்களுக்குப் பயிற்சி தருவதும் அதே வளாகத்தில்தான். அதனால் ஓய்வு பெற்ற பிறகும் மருத்துவரும் பணியாளரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாய்க்குப் பழகிய மனிதர் வீட்டிலேயே இடம் இருந்தால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

ராணுவ நாய்களின் கதை கசப்பானது. ராணுவத்தின் கால்நடைப் பிரிவான ரிமவுண்ட் வெட்டர்னரி கோருக்கு மீரட்டில் உள்ள மையம்தான் ராணுவ நாய்களுக்கு முதன்மைப் பயிற்சியிடம். வேலை செய்ய இயலாத நாய்களைக் கருணைக்கொலை செய்யும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. 2015இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பதில் அதை வெளியே கொண்டுவந்தது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகு வழக்கம் மாறியது. இப்போது ஓய்வு பெற்ற நாய்களை மீரட்டிலேயே வைத்துப் பராமரிக்கிறார்கள். வளர்க்க வசதியும் மனமும் உள்ள பொதுமக்களுக்கும் தத்துக் கொடுக்கிறார்கள்.

தத்தெடுத்த பிறகு வைத்தியச் செலவை அரசு தருமா?

தரும் என்று எண்ணி நாயை வாங்காதீர்கள். ஓய்வில்லத்தில் இருக்கும் வரை செலவு துறையுடையது. வீட்டுக்கு வந்துவிட்டால் செலவு உங்களுடையது. வெளிநாட்டிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் ‘ராபி சட்டம்’ ராணுவ நாய்களைத் தத்துக் கொடுக்க வழி திறந்தது, ஆனால் தத்துக்குப் பிந்தைய மருந்துச் செலவு பெரும்பாலும் எடுத்தவர் தலையில்தான். இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷயர் காவல்துறை 2013இல் ஓய்வு பெற்ற நாய்களுக்கு மூன்று ஆண்டுகள் வைத்தியச் செலவில் உதவும் திட்டத்தை அறிவித்தபோது அது உலகச் செய்தியானது. செய்தியானதே அது எவ்வளவு அரிது என்பதற்குச் சான்று.

செல்லப்பிராணிக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். பெரிய இன நாய்களைப் புதிதாகச் சேர்க்க வயது வரம்பு உண்டு. ஒன்பது வயது ஜெர்மன் ஷெப்பர்டை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் ஆசையோடு வரவேற்காது. எனவே மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். முதிய நாய்க்கு வரும் பெருஞ்செலவு மாதாமாதம் வருவதல்ல. ஒரே இரவில் வருவது.

நாயை அழைத்துவரும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?

கோப்பு. மற்ற எதையும்விட அதுதான் முக்கியம்.

வழியனுப்பு விழாவில் மாலை போடுகிறார்கள், சல்யூட் அடிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். அந்தப் பரபரப்பில் மருத்துவக் கோப்பை நாலு நாள் கழித்து அனுப்பி வைப்பதாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அது வராது. நாயின் கயிற்றைக் கையில் வாங்கும்போதே கோப்பின் நகலையும் வாங்கிவிடுங்கள். தடுப்பூசித் தேதிகள், பழைய எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனைகள், செய்த அறுவை சிகிச்சைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், நுண்சில்லு (மைக்ரோசிப்) பொருத்தியிருந்தால் அதன் எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஓய்வுக்கான காரணம் ஒரு வரியில் எழுதியிருக்கும்: வயது, அல்லது உடல் தகுதியின்மை. இரண்டாவது என்றால் எந்த உறுப்பில் என்ன என்பதைத் தோண்டிக் கேளுங்கள்.

காகிதத்தில் இல்லாதவற்றைக் கூட வேலை பார்த்த காவலரிடம் கேட்க வேண்டும். “ஜீப்பில் தானாக ஏறுவதை இவன் எப்போது நிறுத்தினான், அண்ணா?” என்ற ஒரு கேள்விக்கு அவர் சொல்லும் பதில் எனக்கு இரண்டு எக்ஸ்-ரேக்குச் சமம். தாவி ஏறிக்கொண்டிருந்த நாய் முன்னங்காலை மட்டும் வைத்துவிட்டு மனிதர் முகத்தைப் பார்க்கத் தொடங்கிய மாதம் எது என்பது அவருக்கு நன்றாக நினைவிருக்கும். இடுப்பு வலி அப்போது தொடங்கியது.

கட்டளைச் சொற்களையும் எழுதி வாங்குங்கள். நம் வீட்டுத் தமிழ் அதற்குப் புதிது. எந்தச் சொல்லுக்கு உட்காரும், எந்தச் சொல்லுக்கு வாயில் இருப்பதை விடும், எந்தச் சொல்லுக்கு அசையாமல் நிற்கும் என்று தெரிந்தால் ரத்தம் எடுக்கும்போது நான்கு பேர் பிடித்து அமுக்க வேண்டியதில்லை. ஒரே சொல்லில் சிலைபோல் நின்றுவிடும்.

வந்த முதல் மாதத்தில் என்ன பரிசோதனைகள் செய்ய வேண்டும்?

முழு ரத்த எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகச் செயல்பாடு, சிறுநீர், மலம், காது நுனியில் குத்தி எடுக்கும் ரத்தப் பூச்சு, இடுப்புக்கும் முதுகின் கடைசிப் பகுதிக்கும் எக்ஸ்-ரே. முடிந்தால் வயிற்றுக்கு ஸ்கேன். ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார் போன்றவற்றுக்கு மண்ணீரலில் வரும் ரத்தக்குழாய்ப் புற்றுநோய் வெளியே தெரியாமல் வளரும். ஒருநாள் திடீரென்று நாய் சரிந்து விழும், ஈறு வெளுத்திருக்கும். அதுவரை ஒரு அறிகுறியும் இராது. டாபர்மேன் என்றால் இதயப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யுங்கள். அந்த இனத்துக்கு இதயத் தசை தளரும் நோய் வழக்கமானது.

இவையெல்லாம் நோய் கண்டுபிடிக்க மட்டுமல்ல. நன்றாக இருக்கும்போது எடுத்த எண்கள் கையில் இருந்தால்தான் நோய் வந்தபோது எது மாறியது என்று தெரியும். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

பின்னங்காலை இழுத்து நடக்கிறது. வயதாகிவிட்டது, அவ்வளவுதானே?

இல்லை. வயது ஒரு நோய் அல்ல. இழுத்து நடப்பதற்குக் குறைந்தது மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது, இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்ந்து, பின்னாளில் தேய்ந்து வலிப்பது. காலையில் எழும்போது விறைப்பு அதிகமாக இருக்கும், பத்து நிமிடம் நடந்தால் கொஞ்சம் தளரும். இரண்டாவது, முதுகெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் நரம்புகள் நசுங்குவது. வேலை செய்த ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இதை நிறையப் பார்க்கலாம். வாலைத் தூக்கினால் முனகும் அல்லது திரும்பிக் கையைப் பார்க்கும். மூன்றாவது, தண்டுவடம் மெல்ல மெல்ல அழியும் ஒரு மரபணு நோய். இதில் வலியே இருக்காது. அதனால்தான் வீட்டார் தாமதமாகக் கவனிக்கிறார்கள்.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். நாயைச் சிமெண்ட் தரையில் நடக்கவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். நகம் தரையில் உரசும் ‘சரக் சரக்’ ஓசை வருகிறதா? பிறகு பின்னங்கால் விரல்களைப் பாருங்கள். நடுவிரல்கள் இரண்டின் நகமும் மேல்புறத்தில் சாய்வாகத் தேய்ந்திருந்தால் கால் எங்கே இருக்கிறது என்ற தகவல் மூளைக்குச் சரியாகப் போகவில்லை என்று பொருள். மூட்டு வலி மட்டும் உள்ள நாய் காலைத் தூக்கித்தான் வைக்கும். நரம்பு போன நாய்க்குக் காலைத் தூக்க மறந்துபோகும்.

மூன்றுக்கும் பொதுவான பராமரிப்பு என்று பார்த்தால், முதலில் எடையைக் குறைக்க வேண்டும். இரண்டாவதாக வழுக்காத தரை. புது வீடுகளில் பளபளவென்று டைல்ஸ் போட்டுவிடுகிறோம், நாய்க்கு அது பனித்தரை. அது நடக்கும் வழியில் ரப்பர் விரிப்போ பழைய சாக்கோ போடுங்கள். எழ முடியாதபோது வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிவிடலாம். வலிநிவாரணி, நரம்பு வலிக்கான மருந்து, மீன் எண்ணெய் ஆகியவை மருத்துவர் சொன்னபடி. மூட்டுக்கென்று கடையில் விற்கும் சத்து மாவுகளில் நான் அதிக நம்பிக்கை வைப்பதில்லை. அந்தப் பணத்தில் எக்ஸ்-ரே எடுத்துவிடலாம்.

வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கலாமா?

கூடாது. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் நாய்க்கு ஆபத்தானவை. ஈரல் கெடும், குடல் புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகம் நிற்கும். நாய்க்கென்று மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென் போன்றவை இருக்கின்றன. அவற்றையும் ரத்தப் பரிசோதனை இல்லாமல் மாதக்கணக்கில் கொடுக்கக் கூடாது.

உண்ணிக் காய்ச்சல் ஏன் மோப்ப நாய்களை இப்படி வாட்டுகிறது?

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது பல நோய்களை. அவற்றில் முதன்மையானது எர்லிச்சியா என்ற கிருமியால் வருவது. அதை 1935இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முதலில் விவரித்தார்கள். 1960களில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ நாய்களுக்கும் வியட்நாமில் இருந்த அமெரிக்க ராணுவ நாய்களுக்கும் இது பரவியது. வியட்நாமில் நூற்றுக்கணக்கான நாய்கள் மூக்கில் ரத்தம் வடிந்து செத்தன. உலகம் அப்போதுதான் இந்த நோயைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இது மற்ற இனங்களைவிடக் கடுமையாக வரும் என்பதும் அந்தக் காலத்தில் தெளிவானது. ஆக, இந்த நோயைப் பற்றி நாம் கற்றதில் பெரும்பகுதி ராணுவ நாய்கள் செத்துக் கற்றுக் கொடுத்தது.

அறிகுறிகள்: காய்ச்சல், சோர்வு, தீனி மறுப்பு, ஈறு வெளுப்பு, வயிற்றுத் தோலில் ஊசி குத்தியது போன்ற சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரிந்திருக்கும். டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாளே நாய் எழுந்து வாலாட்டிச் சாப்பிடும். அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி எலும்பு மஜ்ஜையில் ஒளிந்துகொண்டு மாதங்கள் கழித்து இன்னும் மோசமாகத் திரும்பி வரும். இன்னொன்று, பபீசியா என்ற ஒட்டுண்ணி கூடவே இருந்தால் டாக்ஸிசைக்ளின் மட்டும் போதாது. அதற்குத் தனி மருந்து. காது நுனி ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

உண்ணி நாயின் மேல் இருப்பதைவிடச் சுவரில் அதிகம் இருக்கும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி இறங்கி, சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாய்க்கு மாதாந்தர மாத்திரையோ மூன்று மாதம் நிற்கும் மாத்திரையோ கொடுப்பதோடு, நாய் படுக்கும் இடத்தின் வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அந்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் நெல்லும் தென்னையும் உள்ள வீடுகளில் பூச்சிமருந்துப் புட்டி எப்போதும் இருக்கும். வயலுக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுகிறார்கள். சற்று நேரத்தில் வாயில் எச்சில் ஒழுகும், உடல் நடுங்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையும் சொந்தமாக நாய்க்குப் போடாதீர்கள். சில ஷெப்பர்டுகளின் மரபணு அதைத் தாங்காது.

மழைக்காலத்துக்கு என்ன முன்னேற்பாடு?

எலிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும். கேரளத்தில் ஒவ்வொரு மழையிலும் மனிதருக்கே அது பரவுகிறது. தேங்கிய நீரில் நாயை இறங்கவிடாதீர்கள். கொசு கடித்து வரும் ஃபைலேரியா வகைப் புழுவும் கேரள நாய்களில் நிறைய உண்டு. ரத்தப் பரிசோதனையின்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி பற்றி ஒரு வரிதான்: ஆண்டுக்கு ஒருமுறை, தவறாமல். ஊராட்சி உரிமத்துக்கும் அந்த அட்டையைக் கேட்பார்கள்.

என்ன உணவு கொடுப்பது?

வேலையில் இருந்தபோது அது எரித்த சக்தியில் பாதியைக்கூட இப்போது எரிக்காது. ஆனால் வீட்டில் பாட்டி இருக்கிறார். ‘ஊருக்கு உழைத்த பிள்ளை’ என்று நெய் ஊற்றிய சோறும், மாலையில் பரோட்டாவும், ஞாயிற்றுக்கிழமை எலும்பும் கொடுத்தே ஓராண்டில் எட்டு கிலோ ஏற்றிவிடுவார். பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கால்பங்கு குறைவாக உண்டவை மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இவ்வளவு பலன் தரும் மருந்து எதுவும் என்னிடம் இல்லை.

விலா எலும்பு கையால் தடவினால் தெரிய வேண்டும், கண்ணால் பார்த்தால் தெரியக் கூடாது. மாதம் ஒருமுறை அரிசி மண்டியில் உள்ள தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். தீனிப்பொட்டலமோ வீட்டுச் சமையலோ, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது. சாம்பாரில் சின்ன வெங்காயம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். வேகவைத்த எலும்பு குடலைக் கிழிக்கும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது: கள்ளும் கொடுக்கக் கூடாது. ‘கொஞ்சம் குடித்தால் வலி தெரியாது’ என்று சொன்னவரிடம் நான் பேச்சை வளர்க்கவில்லை.

வயிறு ஊதி, வாந்தி எடுக்க முயல்கிறது, ஒன்றும் வரவில்லை. காலை வரை பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொண்டிருக்கலாம். மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு வரும் இது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். அறுவை சிகிச்சை மட்டுமே வழி. சோடா, ஓம நீர், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாமல் வண்டியில் ஏற்றுங்கள். போகும்போதே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அமெரிக்க ராணுவத்தில் இளம் வயதிலேயே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுகிறார்கள். முறுக்கு விழாது. வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்க நேர்ந்தால், அப்போதே இதையும் செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பல்லையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். கடிக்கப் பயின்ற நாய்களும், கூண்டுக் கம்பியைக் கடித்துப் பொழுது போக்கியவையும் கோரைப் பல்லை உடைத்துக்கொண்டிருக்கும். தேய்ந்த பல்லின் நடுவில் பழுப்பாக, வழவழப்பாக ஒரு புள்ளி இருந்தால் அது பழைய தேய்மானம், பயமில்லை. கறுப்பாக, ஊசி நுழையும் துளையாக இருந்தால் பல்லின் உயிர்ப்பகுதி திறந்திருக்கிறது. வலிக்கும், சீழ் பிடிக்கும், பிடுங்கவோ வேர் சிகிச்சை செய்யவோ வேண்டும். கண்ணுக்குக் கீழே வீக்கம் என்று கண் மருந்து கேட்டு வருபவர்களில் பலருக்கு நான் நாயின் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைத்தான் காட்டுகிறேன்.

நெம்மாற வேலைத் திருவிழா, தீபாவளி வந்தால் நடுங்குகிறது. வெடிகுண்டு நாய் எப்படிப் பட்டாசுக்குப் பயப்படும்?

வெடிமருந்தைக் கண்டுபிடிப்பதும் வெடிச்சத்தத்தைத் தாங்குவதும் ஒன்றல்ல. அது கண்டுபிடித்துக்கொண்டிருந்தது வெடிக்காத மருந்தை. தெரிந்த வீடொன்றில் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பட்டாசுப் பையைத் திண்ணையில் வைத்தார்கள். ஓய்வு பெற்ற லாப்ரடார் வந்து முகர்ந்தது. பைக்கு நேராக உட்கார்ந்தது. அசையவில்லை. வீட்டுக்காரர் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தது. வழக்கமாக அந்த நேரத்தில் யாராவது பந்தை எறிவார்கள், இங்கே எறிய யாருக்கும் தெரியவில்லை. அப்படி உட்கார்ந்தால் பாராட்டிப் பந்தைக் கொடுங்கள், பையை வேறிடத்துக்கு மாற்றுங்கள். திட்டாதீர்கள்.

நடுக்கத்துக்கு வருவோம். இளமையில் சத்தத்துக்கு அசராத நாய் முதுமையில் புதிதாகப் பயப்படத் தொடங்கினால், முதலில் உடலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். அதிர்ந்து உடல் இறுகும்போது மூட்டு வலிக்கிறது. நாய் வலியைச் சத்தத்தோடு சேர்த்துவிடுகிறது. வலியைக் குறைத்தாலே பயம் குறைந்த நாய்கள் உண்டு. போர்முனையிலிருந்து வந்த நாய்களுக்கு மனிதருக்கு வருவது போன்ற மன அதிர்ச்சிக் கோளாறு வரும் என்பதை அமெரிக்க ராணுவக் கால்நடை மருத்துவர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மருந்து இருக்கிறது. திருவிழா நாளன்று மாலை ஓடி வந்து கேட்காமல் ஒரு வாரம் முன்பே வந்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். பயமில்லையா?

போதைப்பொருள், வெடிமருந்து தேடும் லாப்ரடாரும் பீகிளும் பொதுவாகச் சாது. ஆளைப் பிடிக்கப் பயின்ற பெல்ஜியன் மாலினாய்ஸ் என்றால் முன்பின் யோசியுங்கள். குழந்தை ஓடுவதும் கை வீசுவதும் அதற்குப் பழைய வேலையை நினைவூட்டும். எந்த இனமானாலும் முதல் சில வாரங்கள் பெரியவர் இல்லாமல் குழந்தையோடு விடாதீர்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். கை உறை மாட்டிக் கடிக்கவிட்டு உறவினருக்குக் காட்டும் வேடிக்கை வேண்டாம்.

மூளைக்கு வேலை கொடுங்கள். பழந்துணியில் ஏலக்காயைச் சுற்றி வீட்டில் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லலாம். பத்து நிமிடம் முகர்ந்து தேடிய நாய் ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கும்.

பாலக்காட்டு வெயிலைத் தாங்குமா?

2024 ஏப்ரலில் இங்கே வெப்ப அலை அறிவிப்பே வந்தது. காலை ஏழுக்கு முன், மாலை ஆறரைக்குப் பின் மட்டும் நடக்கவிடுங்கள். பந்து எறிந்தால் நிறுத்தாமல் ஓடப் பழக்கப்பட்ட நாய் இது, தானாக நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகி, தள்ளாடினால் நிழலில் படுக்கவைத்து உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி போடுங்கள். குளிர்வித்த பிறகு வண்டியில் ஏற்றுங்கள். இந்த வரிசை முக்கியம்.

பெண் நாய்க்கு இந்த வயதில் கருத்தடை தேவையா?

உடல் நிலை அனுமதித்தால் செய்துவிடுவது நல்லது. கருத்தடை செய்யாத முதிய பெண் நாய்க்குப் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கருப்பையில் சீழ் கட்டலாம். அதிகத் தண்ணீர் குடித்தல், சோர்வு, சில நேரம் சீழ்க்கசிவு. அப்போது செய்யும் அவசர அறுவை இன்று நிதானமாகச் செய்வதைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

நிலச்சரிவில் தேடிய நாய்களுக்குப் பின்னாளில் நோய் வருமா?

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணுக்குள் போனபோதும், 2024 ஜூலையில் வயநாட்டிலும் கேரளக் காவல்துறை நாய்கள் நாள்கணக்கில் சேற்றில் தேடின. உள்ளங்கால் வெட்டு, தோல் நோய், எலிக்காய்ச்சல் ஆகியவை உடனடி ஆபத்துகள். நெடுநாள் பாதிப்பைப் பற்றி ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாடுகளில் தேடிய நாய்களைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் அவற்றின் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தார்கள். மற்ற தேடல் நாய்கள் வாழ்ந்த அளவுக்கு அவையும் வாழ்ந்தன.

எந்த மருத்துவமனைக்குப் போவது?

தடுப்பூசிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனை போதும். எக்ஸ்-ரே, ஸ்கேன், பெரிய அறுவை என்றால் திருச்சூரை அடுத்து தேசிய நெடுஞ்சாலையிலேயே இருக்கும் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. கோயம்புத்தூர் பக்கம் இருப்பதால் பலர் அங்கே உள்ள தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். அதிலும் தவறில்லை. குமுளி, தேவிகுளம் பக்கத்தவர்களுக்குத் தேனியிலும், மறையூர்க்காரர்களுக்கு உடுமலையிலும் தமிழகக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், சித்தூர் வட்டாரத் தமிழர்களுக்குத் திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரி.

இரண்டு மாநிலத்திலும் வைத்தியம் பார்ப்பதில் ஒரே சிக்கல், ஒருவர் கொடுத்த மருந்து மற்றவருக்குத் தெரியாமல் போவது. ஒரே நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 எண்ணை அழைத்தால், எந்த மாநிலம், எந்த ஊர் என்பதை முதலில் சொல்லுங்கள்.

எப்போது கருணைக்கொலையைப் பற்றி யோசிக்கலாம்?

வலி மருந்துக்குக் கட்டுப்படாதபோது. தானாக எழுந்து சிறுநீர் கழிக்க முடியாமல் படுத்த இடத்திலேயே புண் பிடிக்கும்போது. மூச்சுக்கே திணறும்போது. முதலில் மயக்கம் கொடுத்து, பிறகுதான் இறுதி ஊசி. வலி இருக்காது. பாவம் என்று பலர் தயங்குகிறார்கள். புண்ணில் புழு வைக்கும் வரை படுக்கப்போட்டுவிட்டு வேண்டிக்கொள்வதைவிட இதை நான் மேலாகக் கருதுகிறேன். பழைய காவலருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் வரும் வரை வலிக்கு மருந்து கொடுத்து வைத்திருக்க முடியும். நிலத்தில் புதைப்பதானால் கிணற்றிலிருந்து தள்ளி, நாலடிக்குமேல் ஆழமாக.

தத்தெடுக்க என்னால் முடியாது. வேறு எப்படி உதவலாம்?

பணம் கொடுப்பவர்கள் மருந்துக் கடைக்கோ பரிசோதனைக் கூடத்துக்கோ நேரடியாகக் கட்டிவிட்டால் குழப்பம் இல்லை. கார் வைத்திருப்பவர்கள் மண்ணுத்திக்கு ஒரு நடை கூட்டிப்போனாலே பேருதவி. பஸ்ஸில் முப்பத்தைந்து கிலோ நாயை ஏற்ற யாரும் விடமாட்டார்கள்.

உங்கள் வீட்டில் ஒன்றிலிருந்து எட்டு வயதுக்குள், 25 கிலோவுக்கு மேல், தடுப்பூசி போட்ட, உண்ணிக் காய்ச்சல் இல்லாத நாய் இருந்தால் அது ரத்தம் கொடுக்கலாம். பபீசியாவில் ரத்தம் வற்றிய நாய்க்கு நள்ளிரவில் கொடையாளி தேடி அலைவதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. உங்கள் நாயின் பெயர், எடை, உங்கள் தொலைபேசி எண் மூன்றையும் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கும் அழைத்து வாருங்கள்.